தாமிரபரணி மேல பழி போடாதீங்க!

திருநெல்வேலிப் பக்கம் ஒரு வயசுப் பிள்ளைக்கு வாந்தி, பேதி ஆரம்பித்தால் போதும், வீட்டுக்குள் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிடும். "பல்லு முளைக்குது" என்பார் பெரியம்மா. "கண்ணு பட்டிருக்கு, தொக்கம் எடுக்கணும்ல" என்பாள் ஆச்சி. லீவு சொல்லிவிட்டு நிற்கிற அப்பா, தன் பங்குக்குக் குழாய்த் தண்ணீரைத் திட்டுவார். "அந்தக் காலத்துத் தாமிரபரணித் தண்ணி என்ன ருசி தெரியுமா!"

ஆற்றில் சாக்கடை கலப்பது உண்மைதான். ஆனால் சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் பல தடவை ஆசாமி வேறே. பெயர் ரோட்டா வைரஸ். 1973-ல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர் கண்டுபிடித்தார்கள். பார்க்கச் சக்கரம் மாதிரி இருந்ததால், சக்கரத்துக்கான லத்தீன் வார்த்தையே பெயராச்சு. குழாயைத் திறந்தால் சுத்தமான தண்ணீர் வருகிற அமெரிக்காவிலேயே, தடுப்பு மருந்து வரும்வரை, 5 வயசுக்குள் அநேகமாக எல்லாப் பிள்ளைகளையும் இது ஒரு தரமாவது பிடித்தது. பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட கை, தரையில் உருண்ட கிலுகிலுப்பை... இது போதும், ஐயா வந்து சேர்ந்துவிடுவார்.

"ஸ்ட்ராங்கா ஒரு ஆன்டிபயாடிக் எழுதுங்க டாக்டர்" என்பதுதான் நம்மாள் வழக்கம். வைரஸிடம் அது பலிக்காது. உயிரைக் குடிப்பது, உடம்பிலிருந்து ஓடுகிற தண்ணீரும் உப்பும். "தண்ணி கொடுத்தா இன்னும் போகும்" என்று நிறுத்துகிறோமே, ஆபத்தே அங்கேதான்! 1971-ல் வங்காளதேச அகதிகள் முகாமில் காலராவுக்கு திலீப் மஹலனாபிஸ் கொடுத்தது சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீர்தான். நூற்றுக்கு 30 சாவு என்றிருந்தது 4-க்கும் கீழே இறங்கியது. அதே வழியில் வந்ததுதான் இன்றைக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கணும், தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. டாக்டர் சொன்ன அளவில் துத்தநாக மருந்து 14 நாள். கண் குழிந்து, மூத்திரம் நின்று, பிள்ளை துவண்டுபோனால் தொக்கம் எடுக்கிறவரைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

தடுப்பு மருந்துக் கதை இன்னும் சுவாரஸ்யம். 1980-களில் டெல்லியில் பிறந்த பச்சைப் பிள்ளைகளிடம் ஒரு சாது ரகம் கிடைத்தது; வைரஸ் இருந்தது, பேதி இல்லை! அதிலிருந்து பிறந்ததுதான் ரோட்டாவேக். டெல்லி, பூனா, நம்ம வேலூரில் சோதித்தபோது, கடுமையான ரோட்டா பேதி முதல் வருஷத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே குறைந்தது. முழுசா இல்லைதான். அது போக, நோரோ மாதிரி வேறு வைரஸ்களும் உண்டு! தமிழ்நாட்டில் 2017-லிருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். வாயில் ஊற்றுகிற மருந்து, ஊசி கிடையாது. 6, 10, 14-ஆவது வாரங்களில். முதல் தவணை ஒரு வயசுக்குள் விழுந்தாகணும். பீரோவில் கிடக்கிற தடுப்பூசி அட்டையைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்க, சார்.