கரடுமுரடுப் பாதை வண்டிகளில் கூரைத் தளம்

கூரைத் தளம் என்பது ஜீப் வகை வண்டிகளின் மேற்கூரையில் சாமான்கள் ஏற்றுவதற்காகப் பொருத்தப்படும் தட்டையான சட்டம் ஆகும். பழைய அம்பாசிடர் கார்களின் தலைமேல் இருந்த கேரியரை இதன் மூத்த உறவினர் எனலாம். கேரியர் என்பது விளிம்பு உயர்ந்த இரும்புக் கூடை. கூரைத் தளமோ அலுமினியப் பட்டைகளை இடைவெளி விட்டு அடுக்கிச் செய்யப்படுவது. பட்டைகளின் நீளத்துக்கு ஒரு பள்ளம் ஓடும். அதில் போல்ட்டின் தலையை நுழைத்து, வேண்டிய இடத்துக்கு நகர்த்தி இறுக்கிக்கொள்ளலாம். எரிபொருள் கேன், மண்வெட்டி, கூடாரம், கூடுதல் டயர் ஆகியவற்றை இதில் கட்டுவார்கள். ஊர்களுக்கு இடையே நெடுந்தொலைவு உள்ள ஆஸ்திரேலியாவில் இவ்வகைத் தளம் மிகவும் பரவலாக உள்ளது.

எடை வரம்பு

தளம் வாங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது தளத்தை அல்ல, வண்டியின் கையேட்டை. கூரை எவ்வளவு எடை தாங்கும் என்று அதில் குறிக்கப்பட்டிருக்கும். 2018-இல் வெளிவந்த சுசுகி ஜிம்னிக்கு இந்த வரம்பு 30 கிலோ. ஒரு சிமெண்டு மூட்டையின் எடைகூட இல்லை! அந்த வண்டியின் முரட்டுத் தோற்றத்தைப் பார்ப்பவர்கள் இதை எளிதில் நம்புவதில்லை.

இந்த 30 கிலோவில் தளத்தின் சொந்த எடையும் அடக்கம். பலர் தவறுவது இங்கேதான். தளமும் அதைத் தாங்கும் கால்களும் சேர்ந்து 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதம் 12 கிலோ. 20 லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ 15 கிலோ. ஆக, நிரம்பிய ஒரே ஒரு கேனை ஏற்றினாலும் வரம்பு தாண்டிவிடும். கரடுமுரடுப் பாதையில் செல்லும்போது அனுமதித்த எடையை 1.5 ஆல் வகுத்துக்கொள்ளுமாறு சில தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர். அப்படிப் பார்த்தால் 30 என்பது 20 ஆகிறது. சாமானுக்கு எஞ்சுவது 2 கிலோ.

தளத்தின் விளம்பரத்தில் 100 கிலோ, 150 கிலோ என்று இருக்கலாம். அது சட்டத்தின் வலிமையைச் சொல்வது, கூரையின் வலிமையை அல்ல. வண்டி, தளம், கால்கள் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. அவற்றுள் மிகக் குறைந்ததே நமக்குரிய வரம்பு.

வண்டி ஓடும்போது ஒரு வரம்பும் நிற்கும்போது வேறு வரம்பும் உண்டு. 2022-இல் வந்த ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப் வண்டியின் கூரை ஓடும்போது 85 கிலோவும் நிற்கும்போது 350 கிலோவும் தாங்கும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. இவ்வளவு வேறுபாடு ஏன்? பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சுமை கூரையை அதன் எடையைப் போல இரு மடங்கு விசையுடன் அழுத்தக்கூடும். வளைவில் பக்கவாட்டிலும், பிரேக் பிடிக்கையில் முன்னோக்கியும் இழுக்கும். நிற்கும் வண்டியில் இவை எதுவும் இல்லை. அதனால்தான் கூரைக் கூடாரத்தில் இருவர் படுத்து உறங்க முடிகிறது. ஆனால் மடித்த கூடாரத்தின் எடை ஓடும் நிலை வரம்புக்குள் இருந்தாக வேண்டும். பல கூடாரங்கள் 50 கிலோவைத் தாண்டுவதால் அவை ஜிம்னிக்கு உகந்தவை அல்ல.

கவிழும் கோணம்

ஒன்பதாம் வகுப்பில் ஈர்ப்பு மையம் நடத்தும்போது, நிற்க வைத்த சாக்பீஸ் பெட்டியை விரலால் சாய்த்துக் காட்டுவேன். வண்டிக்கும் அதே பாடந்தான். 1,100 கிலோ எடையுள்ள வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்திலும், இடது வலது சக்கரங்களுக்கு இடையே 140 செ.மீ. அகலமும் இருப்பதாகக் கணக்குக்காகக் கொள்வோம். இந்த வண்டி பக்கவாட்டில் ஏறத்தாழ 47 பாகை சாயும்வரை கவிழாது. 185 செ.மீ. உயரத்தில் 30 கிலோ ஏற்றினால் ஈர்ப்பு மையம் 3 செ.மீ. மேலேறும், கவிழும் கோணம் 46 பாகைக்குச் சற்றுக் குறையும். 150 கிலோ ஏற்றினால் மையம் 14 செ.மீ. உயர்ந்து, கோணம் 41 பாகையாகிவிடும். ஸ்பிரிங்குகள் அமுங்குவதையும் வேகத்தையும் இக்கணக்கில் சேர்க்கவில்லை. அவற்றையும் சேர்த்தால் உண்மையில் கோணம் இன்னும் குறையும். சரிவான பாதையில் ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் இந்தச் சில பாகைகளே வண்டியில் இருப்பவர்களைக் காப்பவை.

ஆகவே தண்ணீர், கருவிப் பெட்டி, எரிபொருள் போன்ற கனமானவை வண்டிக்குள் தாழ்வாக இருக்க வேண்டும். படுக்கைச் சுருள், காலிக் கேன், மணலில் சிக்கினால் போடும் பிளாஸ்டிக் பலகை போன்றவை மேலே போகலாம்.

தேர்வு

அலுமினியத்தின் அடர்த்தி இரும்பினுடையதில் மூன்றில் ஒரு பங்குதான். இரும்புச் சட்டம் விலை மலிவு, உடைந்தால் எந்தப் பட்டறையிலும் வெல்டிங் செய்யலாம். ஆனால் 30 கிலோ வரம்புள்ள வண்டிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கால்கள் எங்கே பிடிக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். ஜிம்னியின் கூரையோரத்தில் மழைநீர் வடியும் பீலி போன்ற விளிம்பு உள்ளது; கால்கள் அதைக் கவ்விக்கொள்ளும், துளை போடத் தேவையில்லை. அவ்விளிம்பு இல்லாத சில வண்டிகளில் தயாரிப்பாளரே கூரையில் போல்ட் இடங்களை வைத்திருப்பார். இரண்டும் இல்லையென்றால் துளையிடும் யோசனையைக் கைவிடுவது நல்லது. மழைநீர் கசியும், துரு பிடிக்கும். மேலும், பல வண்டிகளில் பக்கவாட்டுக் காற்றுப்பை கூரை விளிம்பின் உட்புறம் மடித்து வைக்கப்பட்டிருக்கும்.

பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் வண்டியில் அது தளத்தில் இடிக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். ஜிம்னியின் பின்கதவு பக்கவாட்டில் திறப்பதால் இந்தக் கவலை இல்லை.

பொருத்துதல்

இருவர் வேண்டும். ஒருவராகத் தூக்கினால் பெயிண்டில் கீறல் விழும். கால்கள் அமரும் இடத்தை மணலின்றித் துடைத்து, ரப்பர் அட்டையை வைத்து, கால்களைத் தளர்வாகவே மாட்ட வேண்டும். தளத்தை மேலே வைத்து இரு மூலைவிட்டங்களையும் நாடாவால் அளக்க வேண்டும். இரண்டும் சமமானால் தளம் கோணாமல் இருக்கிறது என்று பொருள். பிறகு ஒரு மூலை, அதற்கு எதிர் மூலை என்று மாறி மாறி, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். கடைசி இறுக்கத்துக்கு டார்க் ஸ்பேனர் தேவை. கையேட்டில் உள்ள நியூட்டன் மீட்டர் அளவைத் தாண்டினால் அலுமினியப் பள்ளத்தின் உதடு விரிந்துவிடும்.

எவர்சில்வர் போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்படும். இது மின்வேதி அரிமானம். கடற்கரையில் ஓடும் வண்டியில் விரைவில் தெரியும். நைலான் வளையம் இடையில் வைத்தால் குறையும்.

பொருத்திய பின் சிறிது தூரம் ஓட்டி, எல்லாப் போல்ட்டுகளையும் மீண்டும் சோதிக்க வேண்டும். கரடுமுரடுப் பாதையில் ஒவ்வொரு நாள் காலையிலும். வண்டியின் புதிய உயரத்தை அளந்து ஓட்டுநர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டலாம். அடித்தள வாகன நிறுத்தத்தில் நுழையும்போது உதவும். விசில் போன்ற ஓசை எழுந்தால் முன்விளிம்பில் காற்றுத் தடுப்பு பொருத்துவார்கள். வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும் என்பதால், பயணம் இல்லாத மாதங்களில் தளத்தைக் கழற்றி வைப்பவர்களுக்கு எரிபொருள் மிச்சம்.