காவிரித் தூண்டிலும் ராகிக் களியும்



மாசி, பங்குனி மாதங்களில் ஒகேனக்கல் பக்கம் போயிருப்பீர்கள். ஆடிப் பெருக்கில் பார்த்த காவிரியா இது என்று கேட்கத் தோன்றும். தண்ணீர் இறங்கி, பாறைகள் முதுகைக் காட்டிக்கொண்டு, மடுக்கள் தெளிந்து கிடக்கும். தூண்டில்காரருக்கு இது நல்ல பருவம். கலங்கல் தண்ணீரில் மீனுக்கு இரை தெரியாது; தெளிந்த தண்ணீரில் தெரியும்.

நமக்கு மீன் பிடிப்பது என்றால் ஒன்று பிழைப்பு, இல்லாவிட்டால் அன்றைக்குக் குழம்பு. வெளிநாட்டில் அதை ஒரு விளையாட்டாகவும் வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்து, நார்வே, கனடா போன்ற குளிர் நாடுகளில் சால்மன் என்று ஒரு மீன் உண்டு. ஆற்றில் பிறக்கும், கடலுக்குப் போய்க் கொழுக்கும், முட்டையிட மறுபடி ஆற்றுக்கே திரும்பும். பனி விலகி வசந்தம் தொடங்கும்போதே கரையோரங்களிலும் ஆற்று முகங்களிலும் தூண்டிலோடு ஆட்கள் நிற்பார்கள். காலெல்லாம் விறைக்கும். ஒரு மீனும் சிக்காமல் வீட்டுக்குப் போனாலும் சந்தோஷமாகவே போவார்கள். கூலி கொடுத்துக் கஷ்டப்படுகிற வேலை என்று நமக்குச் சிரிப்பு வரலாம்.

ஆனால் அந்த ஆட்களில் சிலர் சால்மனை விட்டுவிட்டு நம் காவிரியைத் தேடி வந்தார்கள். அவர்கள் தூண்டில் முள்ளில் வைத்த இரை என்ன தெரியுமா? ராகிக் களி. நம் வீட்டில் மத்தியானம் தட்டில் விழுகிற அதே ராகிதான். மாவைக் கெட்டியாகப் பிசைந்து, எலுமிச்சம்பழ அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ உருட்டி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு வேகவைப்பார்கள். வெந்தால்தான் உருண்டை இறுகி, ஓடுகிற தண்ணீரில் கரையாமல் நிற்கும். வாசனைக்குச் சோம்பு சேர்ப்பவர்களும் உண்டு. அது சரிப்படாத நாளில் நண்டு, இல்லாவிட்டால் சின்ன மீன்.

அவர்கள் தேடி வந்த மீன் மாசீர். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பூமீன் கெண்டை என்றும் சொல்வதுண்டு. செதில் ஒவ்வொன்றும் பெரிதாக இருக்கும். தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள் இருக்கிறது. அதைக் கொண்டு நத்தையையும் நண்டையும் ஓட்டோடு நொறுக்கிவிடும். கரையோர மரங்களிலிருந்து விழுகிற பழங்களையும் விடாது. இழுப்பு வேகம் பலமான இடத்தில் வாழ்கிற மீன் என்பதால், முள்ளில் சிக்கிவிட்டால் தூண்டில்காரரையே ஆற்றோடு ஓட வைக்கும். மெட்ராஸ் சிவில் சர்வீஸில் அதிகாரியாக இருந்த ஹெச்.எஸ். தாமஸ் என்ற ஆங்கிலேயர் 1873-இல் இந்தியத் தூண்டில் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். சால்மனைவிட மாசீர்தான் பலசாலி என்பது அவர் கட்சி. 1946-இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் கபினி ஆற்றில் 120 பவுண்டு மாசீர் ஒன்றைப் பிடித்தார். ஏறக்குறைய 54 கிலோ. ஒரு ராகி மூட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.

காவிரியின் அந்தப் பெரிய மீனுக்கு முதுகில், தலைக்குப் பின்னால், திமில் போல ஒரு மேடு உண்டு. துடுப்பும் வாலும் செம்மஞ்சள் நிறம். திமில் மாசீர் என்றே வைத்துக்கொள்வோம். இது காவிரிக்கும் அதன் கிளையாறுகளுக்கும் மட்டுமே உரிய மீன். கங்கையிலும் கிடையாது, கோதாவரியிலும் கிடையாது. இத்தனை பேர் பெற்ற மீனுக்கு 2018 வரைக்கும் முறையான அறிவியல் பெயர் இல்லை என்றால் நம்புவீர்களா? கேரளத்தில் அமராவதிக்கு வந்து சேரும் பாம்பாற்றில் கண்ட ஒரு மாசீருக்கு ஏற்கெனவே டோர் ரேமாதேவி என்று பெயர் வைத்திருந்தார்கள். காவிரித் திமில் மாசீரும் அதுவும் ஒன்றே என்று 2018-இல்தான் உறுதியானது. பெயர் இல்லாத மீனை அழிவுப் பட்டியலில் சேர்க்க முடியாது. பெயர் கிடைத்த அதே ஆண்டில், மிகவும் ஆபத்தான நிலையில் உள்ள இனம் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதைச் சேர்த்துவிட்டது. பெயர் சூட்டுவிழாவும் ஆபத்து அறிவிப்பும் ஒரே ஆண்டில்!

இந்த நிலை எப்படி வந்தது? அதைக் காட்டிக்கொடுத்ததும் தூண்டில் கணக்குதான். மேகதாதுவுக்கு மேலே, கர்நாடகக் கரையில் கலிபோரே, பீமேஸ்வரி போன்ற இடங்களில் தூண்டில் முகாம்கள் இருந்தன. பிடித்த மீனை எடைபோட்டு, குறித்துக்கொண்டு, உயிரோடு ஆற்றிலேயே விட்டுவிடுவது அங்கே விதி. 1998 முதல் 2012 வரை கலிபோரேயில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாசீர்கள் இப்படிப் பதிவாயின. அந்த ஏட்டை ஆராய்ந்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. திமில் மாசீர் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் சிக்கியதெல்லாம் மேலும் மேலும் பெரிய மீன்கள். கேட்கும்போது நல்ல சேதி மாதிரி இருக்கும். ஒரு ஊரில் தாத்தாவும் பாட்டியும் மட்டும் இருந்து, பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையும் சேரவில்லை என்றால் அந்த ஊர் எத்தனை காலத்துக்கு? அதே கதைதான் இங்கேயும். கிழ மீன்கள் இருந்தன, குஞ்சு தேறவில்லை.

அதே நேரத்தில் நீலத்துடுப்பு மாசீர் என்ற வேறு இனம் பெருகியது. இது காவிரியின் மீன் அல்ல. மகாராஷ்டிரத்தின் லோனாவாலா பொரிப்பகத்தில் வளர்த்த குஞ்சுகளை, மாசீரைக் காப்பாற்றும் நல்ல எண்ணத்தோடு, 1970-களிலிருந்து காவிரியிலும் விட்டுவந்தார்கள். மாசீர் என்றால் எல்லாம் மாசீர் என்று நினைத்துவிட்டார்கள். நாட்டு மாட்டைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி ஜெர்சியைக் கட்டிவைத்த மாதிரி ஆயிற்று. இருக்கிற இரைக்கும் இடத்துக்கும் இரண்டும் போட்டி போட்டன. திமில் மாசீர் குறைந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அணைகளும், மணல் அள்ளுவதும், வெடியும் சேர்ந்துகொண்டன. 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையைத் தாண்டிக் கீழேயிருந்து ஒரு மீனும் ஒகேனக்கல்லுக்கு ஏறிவர முடியாது. மாசீரோ புது வெள்ளம் வந்ததும் மேலே ஏறி, கூழாங்கல் பரப்பில் முட்டையிடுகிற மீன். ரோகு, கட்லா போல இலட்சக்கணக்கில் முட்டை இடாது. உடல் எடைக்குப் பார்த்தால் ஆயிரக்கணக்கில்தான். முதிர்ச்சி அடையவும் பல வருஷம் எடுக்கும். முட்டையோடு இருக்கிற ஒரு தாய் மீன் போனால், அந்த இழப்பை ஈடுகட்ட ரொம்ப நாளாகும்.

சரணாலயத்துக்குள் பொழுதுபோக்குத் தூண்டில் கூடாது என்று ஆனதும் அந்த முகாம்களில் தூண்டில் நின்றது. சட்டப்படி சரிதான். ஆனால் ஒரு கால் ஆற்றங்கரையில் நின்று வெடி சத்தத்துக்குக் காது கொடுத்தவர்களும் அதோடு போய்விட்டார்கள். முன்பு திருட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்த உள்ளூர் ஆட்களே அங்கே தூண்டில்காரருக்கு வழிகாட்டியாகச் சம்பளம் வாங்கினார்கள். இதை யோசிக்காமல் விட்டது குறை என்பது என் அபிப்பிராயம்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். பென்னாகரம் வட்டாரத்தில் கிணறு வெட்ட வெடி வைப்பது சாதாரணம். மிச்சமாகிற தோட்டா ஒன்றிரண்டு ஆற்றுக்குப் போகிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மடுவில் ஒரு வெடி வெடித்தால் மிதக்கிறது கொஞ்சம், அடியில் செத்துக் கிடப்பது அதிகம். குஞ்சும் முட்டையும் கணக்கிலேயே வராது. கை போனவர்களும் உண்டு. வெடியும் விஷமும் வைத்து மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கியிருக்கிறது. பூச்சிமருந்து ஊற்றிப் பிடித்த மீனைச் சந்தையில் வாங்குகிறவர் யாரோ அல்ல, நம் பக்கத்து ஊர்க்காரர். கைத்தெளிப்பானை ஓடையில் கழுவுவதையும் விட்டுவிடுங்கள்.

பண்ணைக்குட்டையிலோ பழைய கிணற்றிலோ ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கச் சொல்லி யாராவது குஞ்சு கொண்டுவந்தால் வாங்காதீர்கள். அது தடை செய்யப்பட்ட மீன். ஐப்பசி மழையில் குட்டை நிரம்பி வழிந்தால் ஓடை வழியாகச் சின்னாற்றுக்கும், அங்கிருந்து காவிரிக்கும் போய்ச் சேரும். சின்னாறு கலக்கிற இடமே ஒகேனக்கல்தான். குட்டைக்குக் கட்லா, ரோகு, மிர்கால் போதும். குஞ்சுக்கு மீன்வளத் துறையைக் கேளுங்கள்.

பரிசல் ஓட்டுகிறவர்களும், உரிமத்தோடு வலை போடுகிறவர்களும் ஒன்று செய்யலாம். திமிலும் செம்மஞ்சள் வாலும் உள்ள மீன் வலையில் வந்தால், எடை எவ்வளவு இருந்தாலும், அதை விட்டுவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். காய்ந்த கை பட்டால் மேல்வழுவழுப்பு போய்ப் புண்ணாகும். செவுளில் விரலை விடாதீர்கள். தண்ணீரைவிட்டு வெளியே தூக்கி நிறுத்திப் படம் எடுக்கிற ஆசையும் வேண்டாம். நீரோட்டத்துக்கு எதிராக முகத்தை வைத்து, வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்துப் பிடித்திருங்கள். தானாக உதறிக்கொண்டு போகும்வரை விடக் கூடாது. நீலச் சாம்பல் துடுப்பு உள்ளது சிக்கினால் அது வந்தேறி இனம். அதைப் பற்றிக் கவலை இல்லை.

இளைஞர்கள் சிலர் தூண்டிலை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் ஆற்றோரம் போகிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காட்டில் காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்று இரண்டு வனவிலங்கு சரணாலயங்கள் இருக்கின்றன. தெற்குச் சரணாலயம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. அதன் எல்லைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் தூண்டில் போட்டால் வழக்கு வரும். யானையும் வரும்.

தூண்டில் ஆசை உள்ளவருக்கு ஊர் ஏரியே போதும். குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தூண்டில் முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிட்டால் வேண்டாத மீனைக் காயமில்லாமல் கழற்றலாம். ஏரியில் ஜிலேபிக் கெண்டை இருந்தால் எத்தனை வேண்டுமானாலும் பிடியுங்கள். அதற்குக் களி கூட வேண்டாம், எருக்குழியில் கிளறினால் கிடைக்கிற மண்புழு போதும்.