மேற்கோள் கணக்கில் அகப்படாத ஒரு புழு

மருத்துவ ஆய்வாளர் ஒருவரின் தகுதியை மதிப்பிடும் குழுவின் முன் இன்று இரண்டு எண்கள் வைக்கப்படுகின்றன: அவர் வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கை ஒன்று, அக்கட்டுரைகளைப் பிற ஆய்வாளர்கள் சான்றாகச் சுட்டிய மேற்கோள்களின் எண்ணிக்கை மற்றொன்று. இவ்விரண்டையும் பிணைத்து, ஹோர்ஹே ஹிர்ஷ் என்னும் இயற்பியலாளர் 2005-இல் எச்-குறியீட்டெண்ணை வகுத்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 20 முறையேனும் மேற்கோளாகியிருந்தால் அவருடைய எண் 20. நூலகப் பணியைக் கணிதத்தால் அளக்கலாம் என்று 1948-லேயே முன்மொழிந்து, அதற்கு ‘லைப்ராமெட்ரி’ எனப் பெயரும் சூட்டிய எஸ்.ஆர். ரங்கநாதன், காரைக்காலுக்கு வடக்கே, அதே காவிரிக் கழிமுகத்தில் உள்ள சீர்காழியில் பிறந்தவர்.

அதே ஊரில் 1922-இல் பிறந்த பி. ராமமூர்த்தி, 1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கியவர். அவரும் வி. பாலசுப்பிரமணியமும் சேர்ந்து எழுதிய கட்டுரைகளை அட்டவணைப்படுத்தும்போதே பெயர்ச் சிக்கல் எழுகிறது: ராமமூர்த்தியின் இனிஷியலான ‘பி’ அவர் தந்தை பாலசுப்பிரமணியத்தைக் குறிக்க, உடன் எழுதியவருக்கோ அதுவே சொந்தப் பெயர். குடும்பப்பெயரை முன்னும் சொந்தப் பெயரின் முதலெழுத்தைப் பின்னும் எதிர்பார்க்கும் மேலைநாட்டு அட்டவணைக்கு இந்த வேறுபாடு தெரியாது. தந்தை பெயரை ஒரு கட்டுரையில் விரித்தும் இன்னொன்றில் சுருக்கியும் எழுதிவிட்டால், ஒரே மருத்துவர் இரண்டு ஆட்களாகப் பிரிந்து, மேற்கோள்களும் இரண்டு கணக்கில் விழும். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்கு இது பழகிய சிக்கலே. 1881 செப்டம்பர் 21-ஆம் நாளிட்ட பிரெஞ்சு ஆணைப்படி, தம் சமய, சாதி வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப்பெயர் ஒன்றைச் சூட்டிக்கொள்ள, ஏனையோர் தந்தையின் முதலெழுத்தோடு நின்றனர். ஆய்வுலகம் இதற்குக் கண்ட பரிகாரம், 2012 முதல் வழங்கப்படும் ‘ஆர்க்கிட்’ என்னும் 16 இலக்க அடையாள எண்.

பெயர் சரியாக அமைந்தாலும் எண்ணிக்கை எதை அளக்கிறது என்ற கேள்வி நிற்கிறது. அதை விளக்க வேலூர்க் கட்டுரை ஒன்றே போதும். சி.டி. ஸ்கேன் பரவத் தொடங்கிய 1980-களில், வலிப்போடு வந்த இந்திய நோயாளிகள் பலரின் மூளைப் படத்தில், சுற்றிலும் வீக்கம் சூழ்ந்த சிறு வளையம் ஒன்று தென்பட்டது. காசநோய் மிகுந்த நாடு என்பதால் அது காசக்கட்டி என்றே பெரும்பாலும் கருதப்பட்டு, மாதக்கணக்கில் காசநோய் மருந்து தரப்பட்டது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோரின் குழு அத்தகைய கட்டிகளை அறுத்தெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, உள்ளே இருந்தது பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் என்று தெரியவந்தது. அப்புழுவின் முட்டைகள், அதைக் குடலில் சுமக்கும் மனிதரின் மலத்திலிருந்து தண்ணீருக்கும் காய்கறிக்கும் பரவுவதால், பன்றி இறைச்சியைத் தொடாத வீட்டிலும் இந்த வலிப்பு வரலாம்.

இம்முடிவு 1989-இல் ‘லான்செட்’ இதழில் சுருக்கமாக வெளிவந்தது. பின்னர் அக்குழு, அறுவையின்றியே நோயை அறிவதற்கான அளவுகோல்களையும் வகுத்தது: வளையம் ஒன்றே இருத்தல், அதன் விட்டம் 20 மில்லிமீட்டரைத் தாண்டாதிருத்தல், மண்டையோட்டினுள் அழுத்தம் உயராதிருத்தல் போன்றவை. 2006-இல் ராஜசேகரும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட வேலூர் வட்டாரக் கணக்கெடுப்பு, சுமார் 50,000 பேரை ஆராய்ந்து, வலிப்பு நோய் தொடர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இப்புழுத் தொற்று இருந்ததைக் காட்டியது.

எச்-குறியீட்டெண்ணில், 1989-இன் அச்சிறு குறிப்பு எத்தனை நூறு முறை மேற்கோளானாலும் ஒரு கட்டுரையாகவே எண்ணப்படும். எண்ணின் இக்குறை எல்லோரும் அறிந்தது. அதைவிட நுட்பமானது, சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் சுட்டிய மறைவு: ஒரு கண்டுபிடிப்பு பொதுவறிவாகக் கரைந்துவிட்டால், அதை முதலில் சொன்னவரை யாரும் சுட்டுவதில்லை. 2016-இல் காரைக்காலில் தொடங்கிய ஜிப்மர் கிளையின் மாணவருக்கு அந்த வளையம் பாடநூலின் ஒரு பத்தி. வலிப்போடு வந்தவரின் ஸ்கேனில் அதைக் கண்டு, 20 மில்லிமீட்டருக்குள் அடங்குவதை அளந்து, வலிப்பு மருந்தைத் தொடங்கும் மருத்துவர் கட்டுரை எதுவும் எழுதுவதில்லை; சில மாதம் கழித்து மறுபடி எடுக்கும் படத்தில், பலருக்கு, அந்த வளையமே இருப்பதில்லை.