மார்பகப் புற்றுயிரணுவில் புரத ஆக்கம்

மார்பகப் புற்றுநோயின் தோற்றத்தை விளக்குவோர் மரபணுக்களில் நேரும் பிறழ்ச்சிகளையே முதற்கண் சுட்டுவர். அது முறையே. எனினும் மரபணு தானே எதையும் செய்வதில்லை. அதன் செய்தியைத் தாங்கிவரும் தூது ஆர்.என்.ஏ.யை ரைபோசோம் படித்துப் புரதம் ஆக்கிய பின்னரே அச்செய்தி செயலாகிறது. எந்தத் தூது எவ்வளவு படிக்கப்பட வேண்டும் என வரையறுக்கும் சீராக்கிகள் பல உயிரணுவில் உள்ளன. அவற்றுள் இரண்டினை மட்டும் ஈண்டு நோக்குவோம்.

முதலாவது, ஈ.ஐ.எஃப்.4ஈ என்னும் புரதம். தூதின் முனையில் தொப்பி போன்றதொரு வேதியமைப்பு உண்டு. அதனைப் பற்றித் தூதினை ரைபோசோமிடம் சேர்ப்பது இதன் பணி. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்து நஹூம் சோனன்பெர்க் குழுவினர், எலியின் உயிரணுக்களில் இப்புரதத்தை மிகுவித்தபோது அவை புற்றின் இயல்பை எய்தின என 1990ஆம் ஆண்டில் அறிவித்தனர். அன்றாடப் பணிகளுக்குரிய தூதுகள் இப்புரதம் குறைந்திருப்பினும் எளிதிற் படிக்கப்படும். வளர்ச்சியைத் தூண்டும் சி-மிக் போன்றவற்றின் தூதுகளோ சிக்கலான முன்பகுதி உடையவை. இப்புரதம் மிகும்போதே அவற்றுக்கு முறை வாய்க்கிறது. மார்பகப் புற்றுக்கட்டிகள் பலவற்றில் இது மிகுந்திருப்பது பின்னர் அறியப்பட்டது.

மற்றது, 4ஈ-பி.பி.1 என்னும் தடைப்புரதம். இது முன்னதை இறுகப் பற்றி முடக்கும். உணவும் வளர்ச்சித் தூண்டலும் நிறைந்த வேளையில் எம்டார் என்னும் நொதி இத்தடையின்மீது பாஸ்பேட்டை ஏற்றப் பிடி நழுவும். மார்பகப் புற்றில் எம்டாரை ஓயாது இயக்கும் மரபணுப் பிறழ்ச்சிகள் பரவலானவை. ஆகவே தடைப்புரதத்தின் அளவை அறிந்தால் போதாது, அதன் பிடி எந்நிலையில் உள்ளது என்பதையும் அறிதல் வேண்டும்.

வியப்புக்குரிய செய்தியும் ஒன்றுண்டு. முற்றிப் பெருத்த மார்பகக் கட்டிகள் பலவற்றில் இத்தடைப்புரதம் குறையாது, மிகுந்தே காணப்படுவதாக 2007இல் வெளிவந்த ஆய்வு கூறிற்று. ஆக்சிஜன் அருகிய நிலையில் அவ்வுயிரணுக்கள் தொப்பியைக் கைவிட்டு, தூதின் உட்பகுதியிலேயே படிப்பைத் தொடங்கும் மாற்று வழியை நாடுகின்றன. குருதி நாளங்களை வருவிக்கும் புரதம் அவ்வழியே உருவாகிறது. தடையையே தனக்குத் துணையாக்கிக் கொள்ளும் நோய் இது!

மருத்துவத்துக்கு வருவோம். ராபா நூயி எனப்படும் ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரியிடமிருந்து பெறப்பட்ட ராபமைசின் எம்டாரை ஒடுக்கவல்லது. அதன் வழிவந்த எவரோலிமஸ், எக்ஸிமெஸ்டேன் என்னும் மருந்துடன் சேர்த்து, மாதவிடாய் நின்ற மகளிரின் ஹார்மோன் ஏற்பியுடைய, ஹெர்2 மிகாத முற்றிய மார்பகப் புற்றுக்கென 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நோய் வளராதிருந்த இடைநிலைக் காலம் 3.2 மாதங்களினின்று 7.8 மாதங்களாயிற்று. நோயுற்ற தாயொருத்தியின் இல்லத்தில் அம்மாதங்களைச் சிறிதென எவரும் எண்ணார். ஆயினும் மொத்த வாழ்நாள் நீண்டதென அவ்வாய்வு உறுதியாகக் காட்டவில்லை. இவ்வகை மருந்துகள் தடைப்புரதத்தில் ஏறும் பாஸ்பேட்டை முற்றிலும் விலக்குவதில்லை. எம்டார் ஒடுங்கியதும் அதற்கு மேல்நிலையிலுள்ள ஏ.கே.டி. என்னும் நொதி கிளர்ந்தெழுவதும் உண்டு. எனவேதான் அந்த மேல்நிலையையே தாக்கும் மருந்துகள் பின்னர் உருவாயின; அவற்றுள் அல்பெலிசிப் 2019இல் ஒப்புதல் பெற்றது.