குறைகளைப் பாடமாக்கிய பொருள் அறிவியல்

திண்மப் பொருளொன்றில் அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன, அந்த அடுக்கு அதன் வலிமையையும் மின்கடத்தும் திறனையும் எவ்வாறு தீர்மானிக்கிறது, உருக்குதல், உருட்டுதல், ஆறவிடுதல் போன்ற செய்முறைகள் அதனை எவ்வாறு மாற்றுகின்றன என்னும் கேள்விகளைச் சேர்த்தே ஆராயும் துறை பொருள் அறிவியல். உலோகத்துக்கும் பீங்கானுக்கும் பிளாஸ்டிக்குக்கும் தனித்தனித் துறைகள் இருந்த வழக்கத்தை மாற்றி, அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 1950-களில் தன் உலோகவியல் துறைக்கு இப்பெயரைச் சூட்டியது.

இத்துறையின் உயிர்நாடி, குறைபாடுகளைப் பற்றிய அறிவே எனலாம். படிகத்தின் அணுத்தளங்கள் ஒட்டுமொத்தமாக ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால்தான் உலோகம் வளையும் எனக் கொண்டு கணக்கிட்டபோது கிடைத்த வலிமை, தூய உலோகத்தில் அளந்த வலிமையைவிடப் பன்மடங்கு, சில நேர்வுகளில் ஆயிரம் மடங்குக்கும் மேல், மிகுந்திருந்தது. இம்முரணுக்கு 1934-இல் டெய்லர், ஒரோவன், பொலானி ஆகிய மூவரும் தனித்தனியே விடை கண்டனர்: படிகத்தினுள் பாதியிலேயே நின்றுவிடும் அணுத்தளத்தின் விளிம்பு, அதாவது இடப்பிறழ்வு எனப்படும் கோட்டுக் குறைபாடு, ஒவ்வொரு வரிசையாக நகர்வதால் சிறு விசையே போதுமானதாகிறது, விரித்த ஜமுக்காளத்தை முழுதாக இழுப்பதைவிட அதில் ஒரு மடிப்பை உண்டாக்கித் தள்ளிச் செல்வது எளிதாக இருப்பதைப் போன்றதே இது. அந்த நகர்வை 1956-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மெல்லிய அலுமினியத் தகட்டில் மின்னணு நுண்ணோக்கி வழியே நேரில் கண்டனர். உலோகத்தை வலுவாக்குவதென்பது பெரும்பாலும் இந்த நகர்வுக்குத் தடை போடுவதே என்பது அதனால் பெறப்படுகிறது.

இளநிலை மாணவரின் ஆய்வகத்திலேயே இது கண்கூடாகிறது. சுமார் 0.8 விழுக்காடு கார்பன் கலந்த இரண்டு எஃகுத் துண்டுகளை 800 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, ஒன்றை உலைக்குள்ளேயே ஆறவிட்டு, மற்றதைத் தண்ணீரில் அமிழ்த்திய பின், இரண்டையும் உப்புத்தாளில் தேய்த்து மெருகேற்றி, ஆல்கஹாலில் கரைத்த நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் அரித்து நுண்ணோக்கியில் பார்த்தால், முதலாவதில் இரும்பும் இரும்புக் கார்பைடும் மாறிமாறி அமைந்த வரிகள் தெரிகின்றன, இது பெர்லைட். இரண்டாவதில் ஊசிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பது போன்ற மார்ட்டென்சைட் தெரிகிறது. வேதிச் சேர்மானம் ஒன்றேயாயினும், முன்னதை ரம்பத்தால் அறுக்கலாம், பின்னதன்மீது அரம் வழுக்கிவிடும்.

இந்தியாவில் உலோகவியல் கல்வி 1923-இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இன்று சென்னை ஐ.ஐ.டி.யிலும் திருச்சி என்.ஐ.டி.யிலும் உலோகவியலும் பொருட்பொறியியலும் ஒரே துறையாக உள்ளன. இரும்பாலை வேலைக்கான படிப்பு என்றே இதனைக் கருதுவது பழைய எண்ணம்; தூய சிலிக்கானில் பத்து லட்சம் அணுக்களுக்கு ஒன்றென்ற அளவில் பாஸ்பரஸ் அணுவைத் திட்டமிட்டுப் புகுத்தி, அதன் மின்கடத்தும் திறனைப் பல லட்சம் மடங்கு உயர்த்துவதும் இத்துறையின் பாடமே.