மிளகாய்ச் செடியின் துத்தநாக விரல்கள்

மிளகாய் இலையில் நீர் கோத்தாற்போன்ற சிறு புள்ளிகள் தோன்றி, அவை பழுப்பு நிறமடைந்து, இலைகள் மஞ்சளித்து உதிர்வதைக் களப்பணியாளர் பலர் கண்டிருப்பர். இது சாந்தோமோனாஸ் என்னும் பாக்டீரியாவால் உண்டாகும் இலைப்புள்ளி நோயாகும். கிருமி உட்புகுந்ததும் செடி வாளா இருப்பதில்லை. எந்த ஜீனை வேலை வாங்குவது, எதனை அடக்கி வைப்பது என்று முறைப்படுத்தும் புரதங்கள் உயிரணுக்களில் தோன்றுகின்றன. அவற்றுள் ஒரு பெருங் குடும்பம் துத்தநாக விரல் புரதங்கள்.

பெயருக்குக் காரணம் உண்டு. 1985ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் ஆரன் க்ளக் என்பாரும் அவருடைய துணைவர்களும் ஆப்பிரிக்கத் தவளையின் முட்டை உயிரணுக்களிலிருந்து கிடைத்த ஒரு புரதத்தை ஆராய்ந்தனர். ஏறத்தாழ 30 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு, சிறு மாறுதல்களோடு, அதில் 9 முறை திரும்ப வந்தது. ஒவ்வொரு துண்டிலும் இரண்டு சிஸ்டீன்களும் இரண்டு ஹிஸ்டிடின்களும் சேர்ந்து ஒரு துத்தநாக அயனியைப் பற்றிக்கொள்ள, இடைப்பகுதி மடிந்து விரல்போல் நிற்கிறது. வகுப்பில் இதனைக் காட்ட ஒரு நூலும் ஒரு மணியும் போதும். நூலின் ஒரு முனையருகே இரண்டு இடங்களையும் மறுமுனையருகே இரண்டு இடங்களையும் அம்மணியோடு சேர்த்துக் கட்டினால், நடுப்பகுதி தானே வளைந்து எழும். இவ்விரல் டி.என்.ஏ. இழையின் பள்ளத்தில் பொருந்தித் தனக்குரிய இடத்தை அறிகிறது.

தாவரங்களில் இவ்வகைப் புரதம் 1992இல் பெட்டூனியாப் பூஞ்செடியில் அறியப்பட்டது. தாவர விரல்கள் பலவற்றில் குளுட்டமின், அலனின், லூசின், கிளைசின், கிளைசின், ஹிஸ்டிடின் என்னும் ஆறும் இதே வரிசையில் நிற்கின்றன. இது தாவரங்களுக்கே உரிய அடையாளம்.

துத்தநாகம் என்ற சொல்லைக் கண்டு, துத்தநாக சல்பேட்டை மிகுதியாக இட்டால் நோயெதிர்ப்பும் மிகும் என்று எவரும் கருதிவிடலாகாது. மண்ணில் அச்சத்துக் குறைவாயின் இடவேண்டியதே. குறை நீங்கிய பின்னும் இடுவதால் விரல்கள் பெருகா. அவற்றை வரையறுப்பது ஜீனேயன்றி உரமன்று.

மிளகாயில் இக்குடும்பத்தைச் சேர்ந்த ஒரு ஜீனைக் கொரிய ஆராய்ச்சியாளர் 2004இல் விவரித்தனர். அதன் புரதத்துக்கு விரல்கள் இரண்டு. சாந்தோமோனாஸ் தாக்கியவுடன் விரைந்து விழித்தெழும் ஜீன்களுள் இதுவும் ஒன்று. கடுகுக் குடும்பத்துச் சிறு செடியாகிய அராபிடாப்சிஸில் இதனைச் சேர்த்தபோது, அச்செடி சூடோமோனாஸ் என்னும் வேறொரு பாக்டீரியாவையும் வறட்சியையும் முன்னிலும் நன்கு தாங்கிற்று. நோய்க்கும் நீரின்மைக்கும் ஒரே புரதம் உதவுவது வியப்புக்குரியது. ஆயினும் ஆய்வுச்சாலைத் தொட்டியில் கண்டது வயலிலும் அவ்வாறே நிகழும் என்று உழவரிடம் உறுதி கூறுதல் முறையன்று.

மிளகாயில் செய்யவேண்டிய சோதனையை வேறு செடியில் செய்தது ஏன் என மாணவர் வினவலாம். புறத்திலிருந்து ஜீனை ஏற்று, திசுவிலிருந்து முழுச் செடியாக வளர்வதில் மிளகாய் மிகவும் பிடிவாதமானது. ஆகையால், தீங்கு குறைக்கப்பட்ட ஒரு வைரஸைக் கொண்டு மிளகாயின் ஒரு ஜீனைத் தற்காலிகமாக அடக்கி, செடி முன்னிலும் எளிதில் நோயுறுகிறதா என்று பார்க்கும் முறையும் கையாளப்படுகிறது. 2014இல் மிளகாயின் ஜீன் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டு, ஏறத்தாழ 35,000 ஜீன்கள் இனங்காணப்பட்டன. அவற்றிடையே துத்தநாக விரல் கொண்டவற்றைக் கணிப்பொறியால் தேடி எடுத்துவிடலாம். ஒவ்வொன்றின் வேலையையும் செடியிடம்தான் கேட்டறியவேண்டும்.