அசல்தான், ஆனால் வாரண்டி யார் பொறுப்பு?

டெல்லியில் சில வியாபாரிகள் வெளிநாட்டிலிருந்து சாம்சங் பிரிண்டர்களை வரவழைத்து மலிவு விலைக்கு விற்றார்கள். டூப்ளிகேட் அல்ல, சாம்சங்கே தயாரித்து வெளிநாட்டில் விற்ற சரக்கு. ஆனாலும் வணிகக்குறி உரிமையை மீறுகிறார்கள் என்று கம்பெனி வழக்குப் போட்டது.

கம்பெனி தன் சரக்கை ஒருமுறை விற்றுவிட்டால், தன் பெயர் அதில் இருக்கிறது என்பதற்காக மட்டும் அதன் மறுவிற்பனையைத் தடுக்க முடியாது. 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின் 30(3) பிரிவு சொல்வது இதைத்தான். ஆனால், முதலில் விற்ற இடம் எந்தச் சந்தையாக இருக்க வேண்டும்? இந்தியச் சந்தை என்று 2012 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தடை விதித்தார். அக்டோபரில் டிவிஷன் பெஞ்ச் அதை மாற்றியது: உலகில் எங்கே விற்றிருந்தாலும் போதும். ஐரோப்பாவில் கதை வேறு. ஆஸ்திரியக் கம்பெனி ஒன்று பல்கேரியாவுக்கென்று விற்ற பழைய மாடல் கண்ணாடி ஃபிரேம்கள் ஆஸ்திரியாவுக்கே திரும்பி வந்தபோது, 1998-ல் ஐரோப்பிய நீதிமன்றம் கம்பெனியின் பக்கம் நின்றது.

டெல்லித் தீர்ப்பில் எனக்குப் பிடித்தது அதில் போட்ட நிபந்தனை. 'இது இறக்குமதிச் சரக்கு. சாம்சங் வாரண்டியோ சர்வீஸோ கிடையாது, எல்லாம் எங்கள் பொறுப்பு' என்று கடையில் பளிச்சென்று எழுதி வைக்க வேண்டும். ஊருக்கு ஊர் வேறு விலை வைப்பது கம்பெனியின் வியாபாரத் தந்திரம். அதற்குக் காவல் நிற்பது வணிகக்குறியின் வேலையல்ல. வாங்குகிறவர் ஏமாறாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை.

சரக்கின் நிலை மாறுவது போன்ற நியாயமான காரணம் இருந்தால் மட்டும் 30(4) பிரிவு கம்பெனிக்கு மறுபடி தடுக்கும் வாய்ப்பைக் கொடுக்கிறது. ஹார்ட் டிஸ்க் தயாரிக்கும் சீகேட் கம்பெனியின் வழக்கு அந்த ரகம். வெளிநாட்டில் கழித்துப்போட்ட பழைய ஹார்ட் டிஸ்குகளைச் சில வியாபாரிகள் இறக்கி, சரிசெய்து, சீகேட் பெயரை எடுத்துவிட்டு, தங்கள் பெயரை ஒட்டி விற்றார்கள். சாம்சங் விஷயத்தில் பெயர் இருந்ததால் வழக்கு. இங்கே பெயரை எடுத்ததால் வழக்கு!

2024 மே மாதம் அதே உயர் நீதிமன்றம் இந்த விற்பனைக்கும் முழுத்தடை போடவில்லை. தயாரித்தவர் யார், இது பழசைச் சரிசெய்தது, தயாரித்த கம்பெனியின் வாரண்டி இல்லை என்பதையெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே அச்சிடச் சொன்னது. கம்பெனியின் பெயரை எழுத்தில் போடலாம், லோகோவைப் போடக்கூடாது. சரியான ஏற்பாடுதான். ஆனால், ஹார்ட் டிஸ்கைப் பெட்டியில்லாமல் கையில் எடுத்துக் கொடுக்கும் கடைகளில் இதை யார் போய்ப் பார்ப்பார்கள்?